நடுவில் பிடித்த ஹேண்டில்: ஒரு கோன்செட் மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

வண்டி 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒற்றை சிலிண்டர், நடுத்தர எடை, முன்னால் சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க். சேஸிஸ் கழுத்தில் ஹேண்டிலும் ஃபோர்க்கும் திரும்புவதற்காக மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு பேரிங்குகள்தான் கோன்செட். அதை அதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை.

புகார் சின்னதாகத்தான் தொடங்கியது. 30, 40 வேகத்தில் நேரான சாலையில் போகும்போது வண்டி மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து போகும். திருத்தினால் மறுபக்கம் கொஞ்சம் அதிகமாகப் போகும். பின்னால் வருகிறவர் பார்த்தால் ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் என்று நினைப்பார். கூடவே, முன் பிரேக்கை அழுத்தி நிறுத்தும் கடைசி நொடியில் ஹேண்டிலுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம்.

முதலில் டயரைச் சந்தேகப்பட்டேன். நெடுஞ்சாலையில் ஓடி ஓடி முன் டயர் நடுவில் தட்டையாகியிருந்தது, அதனால் சந்தேகம் நியாயமாகவே பட்டது. புது டயர் போட்டேன். அலைச்சல் அப்படியே இருந்தது. சக்கர பேரிங்கை ஆட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு பணிமனையில் காட்டினேன். அவர்கள் மேல் நட்டைத் தளர்த்தி, கோன்செட்டின் இறுக்கத்தை அமைக்கும் கோன் நட்டை அரைச் சுற்று இறுக்கி, "இனி சத்தம் வராது" என்று அனுப்பினார்கள். உண்மைதான், சத்தம் வரவில்லை. ஆனால் அலைச்சல் இரண்டு மடங்கானது. நடை வேகத்தில் ஒரு வளைவு எடுப்பதே சண்டையாகிப் போனது.

நோய் எது என்று எனக்குப் புரிந்தது அந்த அரைச் சுற்றில்தான். கோன்செட்டுக்கு இரண்டு விதமான கோளாறு வரும். ஒன்று ஆட்டம்: குண்டுகளுக்கும் அவை ஓடும் பாதைக்கும் நடுவே இடைவெளி விழுந்து, பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் முன்னும் பின்னும் அசைவது. இன்னொன்று பள்ளம்: குண்டுகள் நேர்நிலையில் எங்கே நிற்கின்றனவோ அங்கேயே பாதை குழிந்துபோவது. நட்டை இறுக்கினால் முதலாவது அடங்கும். இரண்டாவது முற்றும், ஏனென்றால் குண்டை அந்தக் குழிக்குள் இன்னும் அழுத்தித்தான் உட்கார வைக்கிறோம். என் வண்டிக்கு இரண்டும் இருந்தன. சத்தம் போடுகிறதற்கு மட்டும் வைத்தியம் நடந்தது.

இரு சக்கர வண்டியை யாரும் உண்மையில் 'நேராக' ஓட்டுவதில்லை. ஹேண்டில் எந்நேரமும் ஒரு பாகை, அரைப் பாகை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சின்னத் திருத்தங்களால்தான் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் ஒரு பிடி இருந்தால் அந்த அரைப் பாகைக்கே இடமில்லை. வண்டி சாயத் தொடங்கும், ஹேண்டில் திரும்ப மறுக்கும், கை கொஞ்சம் அதிகமாக அழுத்தும், குண்டு குழியின் விளிம்பைத் தாண்டித் துள்ளும், தேவைக்கு மேல் திரும்பிவிடும். பிறகு அதே கதை மறுபக்கம்.

சோதனை

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தூக்கினேன், பின் சக்கரத்தைக் கட்டி வைத்தேன். ஹேண்டிலை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இடது எல்லையிலிருந்து வலது எல்லைக்குக் கொண்டுபோனேன். சரியாக நடுவில், முன் சக்கரம் நேராக நின்ற இடத்தில், 'களுக்' என்று உட்கார்ந்தது. விட்டால் அங்கேயே நின்றது. நல்ல கோன்செட் என்றால் நடுவிலிருந்து விரலால் லேசாகத் தட்டியதும் சக்கரம் தன் எடையிலேயே ஒரு பக்கம் விழுந்து எல்லையைத் தொட வேண்டும்.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்க முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பார்கள். அது அவ்வளவு நம்பகமான வழியாக எனக்குத் தெரியவில்லை. பிரேக் பேட் தன் இடத்தில் நகர்வதும், ஃபோர்க் புஷ் தேய்ந்திருப்பதும் கைக்கு இதே 'டக்' போலத்தான் தெரியும். சக்கரம் தூக்கிய நிலையில் ஃபோர்க் கால்களின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். இன்னொருவர் சேஸிஸ் கழுத்தும் ஃபோர்க் கால்களைப் பிடித்திருக்கும் கீழ்த் தட்டும் சேரும் இடுக்கில் விரலை வைத்திருக்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் என்றால் விரலுக்குத் தெரிந்துவிடும். தம்பி விரல் வைத்தான். நட்டை இறுக்கியிருந்ததால் நேர்நிலையில் எதுவும் தெரியவில்லை. ஹேண்டிலை 15 பாகை போலத் திருப்பி வைத்து இழுத்தபோதும் ஆட்டம் இல்லை, ஆனால் திருப்புவதற்கே கை வலித்தது. குழிக்குள் சரியாக இருக்கும் இறுக்கம் குழிக்கு வெளியே அளவுக்கு மீறியது. இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற ஒரு நிலைக்கு அந்த நட்டைக் கொண்டுவரவே முடியாது. மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானது.

பிரித்தபோது

பிரிக்கும் வரிசையில் புதுமை எதுவும் இல்லை. முன் சக்கரம், மட்கார்டு, பிரேக் காலிப்பர், ஹேண்டில்பார், மேல்தட்டு, ஃபோர்க் கால்கள். காலிப்பரை அதன் ஓஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிட்டேன். ஹேண்டிலிலிருந்து வரும் கேபிள்களும் ஒயர்களும் எந்த வழியாகப் போகின்றன என்று கைபேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டேன். இது பின்னால் வேறொரு காரணத்துக்கும் உதவியது.

கோன் நட்டை சி ஸ்பேனர் போட்டுக் கழற்றும்போது, கீழ்த் தட்டிலிருந்து கழுத்துக்குள் ஏறும் தண்டான ஸ்டெம்மைக் கீழிருந்து கையால் தாங்க வேண்டும். நட் வந்ததும் ஸ்டெம் நழுவும், குண்டுகள் நாலா பக்கமும் ஓடும். கீழே பழைய போர்வையை விரித்திருந்தேன். மேலே 18, கீழே 19 குண்டுகள், ஒவ்வொன்றும் 6.35 மில்லிமீட்டர். தம்பி எண்ணிவிட்டு, "அண்ணா, ஒண்ணு குறையுது" என்றான். போர்வை மடிப்பு, டூல் பெட்டி, அவன் சட்டைப் பை எல்லாம் தேடினோம். கழுத்தில் பதிந்திருக்கும் கீழ்க் கிண்ணத்திலேயே கெட்டிப்பட்ட கிரீஸில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேல் கோன்செட்டில் கிரீஸ் இருந்தது. கறுத்து, மெழுகு போல ஆகியிருந்தாலும் இருந்தது. கீழே இருந்ததை கிரீஸ் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். செங்கல் பொடியைத் தண்ணீரில் குழைத்தது போன்ற ஒன்று. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும், ஸ்டெம்மின் அடியில் குண்டுகள் ஓடும் வளையமான கீழ்க் கோனில் 19 குழிகள் வரிசையாகத் தெரிந்தன. நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றிலும் தட்டியது. கிண்ணத்தின் பின்பக்கம், அதாவது இன்ஜினைப் பார்த்த பக்கம், குழிகள் மற்ற இடங்களைவிட ஆழம். மேலே இருந்த பாதைகளில் மங்கலான புள்ளிகள்தான். நகத்துக்குச் சில இடங்களில் மட்டும் தட்டுப்பட்டது.

கீழ்ப் பேரிங் ஏன் முதலில் சாகிறது

தண்ணீர் ஒரு காரணம். முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறும் மழைத் தண்ணீரும் நேராகக் கீழ் இடுக்கில்தான் படும். அழுத்தத் தண்ணீரால் வண்டி கழுவும்போது குழாயை அந்தப் பக்கம் காட்டினால் கேட்கவே வேண்டாம். வண்டியின் முன்பாரம் முழுக்கக் கீழ்ப் பேரிங் வழியாகத்தான் ஃபோர்க்குக்கு இறங்குகிறது என்பது இரண்டாவது காரணம். மேல் பேரிங்குக்கு மேலிருந்து வரும் பாரம் கோன் நட் கொடுக்கும் அழுத்தம் மட்டும்தான்.

மூன்றாவது, நெம்புகோல் கணக்கு. டேப் வைத்து அளந்தேன். சக்கர அச்சிலிருந்து கீழ்ப் பேரிங்குக்கு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். இரண்டு பேரிங்குக்கும் இடையே 17. பள்ளத்தில் சக்கரம் மோதி அச்சைப் பின்னால் தள்ளும்போது கீழ்ப் பேரிங்தான் நெம்பின் தாங்குபுள்ளி. 60-ஐயும் 17-ஐயும் கூட்டி 17 ஆல் வகுத்தால் நாலரை. அச்சில் விழும் அடியைப் போல நாலரை மடங்கு கீழ்ப் பேரிங்கைப் பின்னால் அழுத்துகிறது. மேல் பேரிங்குக்கு மூன்றரை மடங்கு, அதுவும் முன்பக்கமாக. கிண்ணத்தின் பின்பக்கக் குழிகள் ஏன் ஆழமாக இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் குழிகள் எல்லாம் அடி வாங்கி வந்தவையா? பேரிங் பாதையில் விழும் இப்படிப்பட்ட குழிக்கு பிரினெல் குழி என்று பெயர். யோஹான் ஆகஸ்ட் பிரினெல் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் 1900இல் ஓர் உலோகக் கடினச் சோதனையை அறிமுகம் செய்தார். கடினமான குண்டை உலோகத்தில் அழுத்தி, விழுந்த குழியின் விட்டத்தை அளப்பது. சாலைப் பள்ளம் கோன்செட்டுக்குச் செய்வதும் அதே சோதனைதான், அளப்பதற்கு மட்டும் ஆள் இல்லை. இதற்கு ஒரு போலியும் உண்டு. 1930களில் அமெரிக்காவில் புதுக் கார்களை ரயிலில் ஏற்றித் தொலைதூரம் அனுப்பியபோது, சக்கரம் சுழலாமலே பேரிங்கில் குழிகள் விழுந்திருந்தன. ரயிலின் அதிர்வில் குண்டுகள் இருந்த இடத்திலேயே நுணுக்கமாக அசைந்து, கிரீஸ் விலகி, இரும்பும் இரும்பும் உரசி, உரசிய தூள் துருவாகி, அந்தத் துருவே மேலும் அரைத்திருக்கிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. அடி வாங்கிய குழியின் அடியில் தொழிற்சாலையில் கடைந்த கோடுகள் அப்படியே இருக்கும், விளிம்பில் உலோகம் லேசாகப் பிதுங்கியிருக்கும். உரசித் தேய்ந்த குழியில் அந்தக் கோடுகள் அழிந்திருக்கும், சுற்றிலும் செம்பழுப்புத் தூள் படிந்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்ததில் என் குழிகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. பின்பக்கத்தில் நாலைந்து மட்டும் கலப்படம். சரியான நேரத்தில் கிரீஸ் மாற்றியிருந்தால் பெரும்பாலானவை விழுந்தே இருக்காது. பல வண்டிகளின் கையேட்டில் 20,000 கிலோமீட்டரை ஒட்டி இதைப் பிரித்து கிரீஸ் போடச் சொல்லியிருப்பார்கள். என் கையேட்டிலும் அந்த வரி இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. 19 குழி இருந்தும் ஹேண்டில் ஏன் நடுவில் ஒரே இடத்தில் மட்டும் பிடிக்கிறது? 360-ஐ 19 ஆல் வகுத்தால் ஒரு குழிக்கும் அடுத்ததுக்கும் 19 பாகைதான். ஹேண்டிலோ ஒவ்வொரு பக்கமும் 35 பாகை போலத் திரும்புகிறது. வழியில் இன்னொரு 'களுக்' வந்திருக்க வேண்டுமே? விடை குண்டின் நடையில் இருக்கிறது. இரண்டு பாதைகளுக்கு நடுவே உருளும் குண்டு, மேலே நகரும் பாதையின் பாதி வேகத்தில்தான் போகும். உருளைக் கட்டையின் மேல் பலகை தள்ளுவதுபோல. ஹேண்டில் 35 பாகை திரும்பினால் குண்டு 17, 18 பாகைதான் போகும். பக்கத்துக் குழியை எட்டும் முன்னே எல்லை வந்துவிடுகிறது. இந்தக் குண்டுகள் தங்கள் வாழ்நாள் முழுவதையும் ஆளுக்கொரு வீட்டு வாசலிலேயே கழித்துவிட்டன.

இதே காரணத்தால்தான் கிண்ணத்தைக் கொஞ்சம் சுற்றி அடித்து உட்கார வைக்கும் பழைய தந்திரமும் சில நாள் வேலை செய்கிறது. குண்டு நேர்நிலையில் குழிகளுக்கு நடுவே நிற்கும். நடுப் பிடி போய்விடும். ஆனால் லேசாகத் திரும்பியதும், வளைவில் சாய்ந்திருக்கும்போது, குண்டு குழியில் விழும். நடுவில் பிடிக்கிற வண்டியைவிட அது பயங்கரம்.

மாற்றியது

அதே மாதிரிக் குண்டுகளா, இல்லை கூம்பு வடிவ உருளை வைத்த டேப்பர் பேரிங்கா? டேப்பர் பேரிங் புது விஷயம் ஒன்றுமில்லை. ஹென்றி டிம்கன் 1898இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். குண்டு பாதையைத் தொடுவது ஒரு புள்ளியில், உருளை தொடுவது ஒரு கோட்டில். அதே அடி அதிக இடத்தில் பரவும், குழி விழ நாளாகும். தனிக் குண்டுகளைப் பொறுக்கும் வேலையும் கிடையாது. குறை என்னவென்றால் இறுக்கத்தில் துளி வித்தியாசம் வந்தாலும் ஹேண்டிலுக்குத் தெரியும், உயரமும் சில வண்டிகளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வெர்னியரில் அளந்து, மேல் நட்டுக்கு மரை மிச்சமிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு டேப்பரையே எடுத்தேன். எடை குறைந்த வண்டிக்கு நல்ல கிரீஸோடு குண்டே போதும் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை.

கழுத்திலிருந்த பழைய கிண்ணங்களை எதிர்முனை வழியாக நீளக் கம்பி விட்டு, விளிம்பில் முட்டுக் கொடுத்து, இடமும் வலமும் மாற்றி மாற்றித் தட்டி இறக்கினேன். ஒரே பக்கம் அடித்தால் கிண்ணம் கோணலாகிக் கழுத்தையே கீறும். கம்பி பிடிக்க விளிம்பே இல்லாத வண்டிகளில், கிண்ணத்தின் உட்புறம் ஒரு வரி வெல்டிங் ஓட்டுவார்கள். அது குளிரும்போது சுருங்கித் தானாகக் கழன்று வரும். ஸ்டெம்மின் அடியிலிருந்த கோன்தான் கடும் பிடிவாதம். உளியால் சுற்றிச் சுற்றித் தட்டி முக்கால் மணி நேரத்தில் வந்தது. அடியிலிருந்த தூசுத் தடுப்பு அதில் பலியானது, எப்படியும் புதுசு போட வேண்டியதுதான்.

கிண்ணங்களின் இடத்தில் உட்கார வேண்டிய புது வெளிவளையங்களை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்தேன். 48 மில்லிமீட்டர் வளையம் 30 பாகை செல்சியஸிலிருந்து மைனஸ் 18க்குப் போனால் 0.027 மில்லிமீட்டர் சுருங்கும். கழுத்தை ஹீட் கன்னால் 40 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் அது இன்னொரு 0.023 விரியும். இரண்டும் சேர்ந்து 0.05, ஒரு தலைமுடித் தடிமன்கூட இல்லை, ஆனால் சுத்தியல் அடியில் பாதி மிச்சம். பழைய வளையத்தில் ஒரு வெட்டுப் போட்டு, அதைப் புது வளையத்தின் மேல் வைத்து அடித்தேன். வெட்டு இருந்தால் அது உள்ளே சிக்கிக்கொள்ளாது. ஸ்டெம்முக்கான உள் பேரிங்கை 100 பாகைக்குச் சூடாக்கி இறக்கினேன். 120க்கு மேல் போகக் கூடாது.

கிரீஸ் விஷயத்தில் பலர் அனாவசியமாகச் சிக்கனம் பிடிக்கிறார்கள். சக்கர பேரிங்கில் நிறைய திணித்தால் வேகமாகச் சுழலும்போது சூடாகும் என்பது உண்மை. கோன்செட் சுழலுவதே இல்லை. ஆகவே இடமிருக்கும் வரை நிரப்பலாம். தடிமன் 2ஆம் எண், தண்ணீர் தாங்கும் வகை. நான் போட்டது கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ். உள்ளங்கையில் ஒரு உருண்டை எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும், குறுகிய பக்கத்தில் கிரீஸ் புழு புழுவாக வெளியே வரும்வரை. பிறகு சுற்றி அடுத்த இடம். பழைய கிரீஸ் சொட்டு இல்லாமல் கழுவியிருக்க வேண்டும், கிரீஸைக் கெட்டியாக்கும் சோப்பு வேறு வேறு வகையாக இருந்து கலந்தால் சில நேரம் இளகி ஒழுகிவிடும். ஸ்டெம்மின் வெளிப்புறத்திலும் துருப் பிடிக்காமலிருக்க மெல்லியதாகத் தடவினேன்.

இறுக்கம், அப்புறம் என் தவறு

முதலில் கோன் நட்டை நன்றாக இறுக்கி, ஸ்டெம்மை எல்லைக்கு எல்லை ஐந்தாறு முறை திருப்பினேன். உருளைகள் உட்காரும், மிச்ச கிரீஸ் பிதுங்கும். பிறகு முழுவதும் தளர்த்தி, ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் மறுபடி இறுக்கினேன். கடைசியில் மேல் நட்டை இறுக்கும்போது இந்த அளவு மாறிவிடும், மரையில் உள்ள இடைவெளி அடைபடுவதால். ஆகவே மேல் நட்டு இறுகிய பிறகு தூக்கிய சக்கரத்தோடு மறுபடி விழும் சோதனை. எனக்கு மூன்று முறை தேவைப்பட்டது. ஒருமுறை நன்றாக விழ வேண்டிய ஹேண்டில் இடது பக்கம் மட்டும் தயங்கியது; பேரிங்தான் என்று பதறி, பிறகு பழைய படத்தைப் பார்த்தால் கிளட்ச் கேபிளை ஹெட்லைட் தாங்கியின் தவறான பக்கத்தில் விட்டிருந்தேன்.

வண்டி ஓட்டிப் பார்த்ததில் அலைச்சல் துளியும் இல்லை. 250 கிலோமீட்டர். பிறகு ஒரு மாலை, பிரேக் பிடிக்கும்போது பழைய நண்பன்: 'டக்'.

புது பேரிங்கில் ஆட்டமா? நட் நகரவில்லை, அடையாளம் போட்டிருந்தேன். மறுபடி முழுக்கப் பிரித்தேன். காரணம் கீழ் வெளிவளையம். வளையம் அடியைத் தொடும்போது சுத்தியலின் சத்தம் மந்தமான 'தொப்'பிலிருந்து கணீரென்று மாறும். மேலே அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தேன். கீழ் வளையத்தை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு மேல் நோக்கி அடித்ததால் கை ஓங்க இடமில்லை. கணீரென்று கேட்டதாக நானே நம்பிக்கொண்டேன். கழுத்தின் உள்ளே வளையம் முட்டி நிற்கும் படியில் ஒரு துருச் செதில் ஒட்டியிருந்திருக்கிறது. வளையம் அதன் மேல் நின்றது. 250 கிலோமீட்டர் அடி வாங்கியதில் செதில் நொறுங்கி, வளையம் மேலேறி உட்கார்ந்து, அந்த அளவு ஆட்டம் விழுந்துவிட்டது. நொறுங்கிய பொடி கிரீஸில் கறுப்பாக இருந்தது. வளையத்தைக் கழற்றாமல் கண்ணாடித் துண்டு பிடித்துச் சுற்றிலும் பார்த்தேன், 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு எங்கும் நுழையவில்லை. முதல் தடவையே இரண்டு நிமிடம் செலவழித்து இதைப் பார்த்திருக்கலாம்.

பேரிங்கைக் கழுவி, உருளைகளில் கீறல் இல்லை என்று பார்த்து, புது கிரீஸ் போட்டுப் பூட்டினேன். 800 கிலோமீட்டர் ஓடியபோது ஒரே ஒருமுறை கோன் நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு 6,000 ஓடியாகிவிட்டது. போன வாரம் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை விரலால் தொட்டேன். இடது பக்கம் போய் மெத்தென்று எல்லையில் சாய்ந்தது, வலது பக்கமும் அப்படியே.